உங்களுக்குத் தெரியுமா? வீட்டைக் காரில் மாட்டிக்கொண்டு ஒரு கண்டத்தையே சுற்றலாம்!

கணவன், மனைவி, ஒரு கார், அதன் பின்னால் ஒரு வீடு. கிளம்பினால் கடலோரமாகவே ஒரு முழுக் கண்டத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலிலேயே வந்து இறங்கலாம். நடுவில் பாஸ்போர்ட்டை எடுக்கவே வேண்டாம். உலகத்தில் இது முடிகிற நாடு ஒன்றே ஒன்றுதான். ஆஸ்திரேலியா!

கேரவன் என்றதும் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஓய்வெடுக்கும் பஸ்ஸை நினைக்காதீர்கள். இது காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற சக்கர வீடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். இப்படிப்பட்ட கேரவன்களும் கேம்பர்வேன்களும் ஆஸ்திரேலியாவில் 8 லட்சத்துக்கும் மேல்!

இவர்கள் போகிற சாலையின் பெயர் ரொம்பச் சுருக்கம். ஹைவே 1. நீளமோ சுமார் 14,500 கிலோமீட்டர்! நம் கன்னியாகுமரி - ஸ்ரீநகர் நெடுஞ்சாலையைப் போல மூன்றரை மடங்கு. நாட்டை வளையமாகச் சுற்றி வருகிற இந்தச் சாலைக்கு நம்பர் போட்டது 1955-ல்தான்.

இந்தச் சுற்றுக்கு அங்கே 'பிக் லேப்' என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் இப்படிச் சுற்றுகிற ஜோடிகளை ஊரே செல்லமாக 'கிரே நோமட்ஸ்' என்கிறது. நரைமுடி நாடோடிகள்!

இந்த ஆச்சரியத்தைப் பாருங்கள். இரண்டரை, மூன்று டன் எடையுள்ள கேரவன் காரோடு இணைவது ஒரே ஓர் இரும்புக் குண்டில். அதன் குறுக்களவு 50 மில்லிமீட்டர். ஓர் எலுமிச்சம்பழ அளவு! அந்தக் குண்டின் மேல் கேரவனின் மூக்கை இறக்கிப் பூட்டுவார்கள். கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவார்கள். விளக்குக்கான ஒயரைச் செருகுவார்கள். அப்புறம் ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். தினமும் காலையில் இதே பூஜைதான்!

சரி, ஓடும்போது அறுந்துவிட்டால்? 2 டன்னுக்கு மேற்பட்ட கேரவன் என்றால், அறுந்த நொடியிலேயே அதன் பிரேக் தானாகப் பிடித்தாக வேண்டும். பிடித்த பிடியை 15 நிமிடம் விடக் கூடாது. சட்டமே அப்படி!

இன்னொரு சட்டம். கேரவன் ஓடும்போது அதற்குள் ஆள் இருக்கவே கூடாது. கட்டிலில் படுத்துக்கொண்டே ஊர் பார்க்கிற கனவெல்லாம் நடக்காது!

ரிவர்ஸ் எடுப்பதுதான் நிஜமான பரீட்சை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் கேரவன் வலது பக்கம் போகும்! கணவர் ஓட்ட, மனைவி பின்னால் நின்று கையைக் காட்ட, பக்கத்து கேரவன்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். முதல் முயற்சியிலேயே நேராக நிறுத்தினால் கைதட்டல்கூட உண்டு!

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? இடமா, வலமா? கேரவன்காரர்கள் கூடினால் ஓயாத வாதம் இது. நாங்கள் கணக்கே போட்டுவிட்டோம்! அங்கேயும் வண்டி இடப்பக்கம்தான் ஓடும். கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் நீங்கள் வளையத்தின் உள்பக்கத்தில் இருப்பீர்கள். தூரம் குறையும். எவ்வளவு தெரியுமா? 14,500 கிலோமீட்டரில் மொத்த லாபம் சுமார் 22 மீட்டர்!

அந்த 22 மீட்டரை விடுவானேன்? சிட்னியிலிருந்து வடக்கே கிளம்பும் ஒரு ஜோடியோடு நாமும் ஒட்டிக்கொள்வோம்.

காஃப்ஸ் ஹார்பர். சாலையோரம் 13 மீட்டர் நீளத்துக்கு ஒரு வாழைப்பழம்! 1964-ல் கட்டியது. உள்ளே புகுந்து நடந்து வெளியே வரலாம். இப்படி ராட்சத இறால், ராட்சத அன்னாசி, ராட்சத மாம்பழம் என்று நாடு முழுக்க ஊருக்கு ஊர் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே வூல்கூல்கா. பஞ்சாபிலிருந்து வந்து வாழைத் தோட்டம் போட்ட சீக்கியர்களின் ஊர். ஆஸ்திரேலியாவின் முதல் குருத்துவாரா எழுந்தது சிட்னியிலோ மெல்போர்னிலோ இல்லை. இந்தச் சின்னக் கடலோர ஊரில், 1968-ல்!

கர்ரி தீவு (முன்பு ஃப்ரேசர் தீவு) உலகத்திலேயே பெரிய மணல் தீவு. நீளம் 123 கிலோமீட்டர். அங்கே கடற்கரை மணல்தான் அதிகாரபூர்வ நெடுஞ்சாலை. வேக வரம்பு 80. போலீஸ் சோதனை உண்டு. அதே மணலில் குட்டி விமானங்களும் இறங்கும்! கேரவனைக் கரையில் விட்டுவிட்டு ஜீப்பில்தான் போக முடியும்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஓர் ஊரின் பெயரே ஓர் எண். ஊர் பெயர் 1770! பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் குக் அங்கே கரை இறங்கிய ஆண்டு அது.

டல்லி என்ற ஊரில் 7.9 மீட்டர் உயரத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு மழைக்கால பூட்ஸ் நிற்கிறது. ஏன் 7.9? 1950-ல் அந்த ஊரில் பெய்த மழையின் உயரம் அது! சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது ஒன்றரை மீட்டரைத் தொட்டாலே பெரிது.

வலப்பக்கம் கடலுக்குள் கிரேட் பேரியர் ரீஃப். பவளத்திட்டு நீளம் 2,300 கிலோமீட்டர். பரப்பு 3,44,400 சதுர கிலோமீட்டர். இரண்டரை தமிழ்நாட்டை உள்ளே வைக்கலாம்!

நார்மன்டன் நகரில் சாலையோரம் ஒரு முதலைச் சிலை. 1957-ல் அங்கே கிறிஸ்டினா பாவ்லோவ்ஸ்கா என்ற பெண் சுட்டு வீழ்த்திய முதலையின் நிஜ அளவு என்று ஊர்க்காரர்கள் பெருமை அடிக்கிறார்கள். 8.63 மீட்டர்! வட ஆஸ்திரேலியாவில் முகாம் போடுகிறவர்கள் ஆற்றோரம் கால் நனைக்கவே யோசிப்பது சும்மா இல்லை. நார்தர்ன் டெரிட்டரி என்கிற ஒரு பிரதேசத்தில் மட்டுமே உப்புநீர் முதலைகள் சுமார் 1 லட்சம்!

எதிரே வருவது லாரியா, ரயிலா? ரோடு டிரெய்ன்! ஒரு இன்ஜின், பின்னால் வரிசையாக டிரெய்லர்கள். மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை போகும். அது கடக்கும்போது கிளம்புகிற காற்றில் கேரவன் ஒரு குலுங்கு குலுங்கும்.

லாரிக்காரர்கள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் சேனல் 40. கேரவன்காரர்களுக்குச் சேனல் 18. 'பின்னால் வரும் லாரியண்ணா, நான் ஓரம் கட்டுகிறேன், நீங்கள் போங்கள்' என்று 40-க்கு மாறிச் சொல்லிவிட்டால் போதும். முகம் தெரியாத இரண்டு பேருக்கும் நிம்மதி!

இனி வருவது மேற்கு ஆஸ்திரேலியா. ஒரே ஒரு மாநிலம். தமிழ்நாட்டைப் போல 19 மடங்கு!

அதன் எல்லையில் தங்கத்தைத் தேட மாட்டார்கள். வெங்காயத்தைத் தேடுவார்கள்! பழம், பச்சைக் காய், தேன் எதையும் கொண்டுபோக முடியாது. பழ ஈயும் பயிர் நோயும் கூடவே வந்துவிடுமாம். அதிகாரி கேரவனுக்குள் ஏறி ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார். அதனால் எல்லைக்கு முந்தின ராத்திரி கேரவன் பார்க் முழுக்க ஒரே சமையல் மணம். மிச்சம் இருக்கிற உருளை, கேரட், பூசணி எல்லாம் ஒரே பானையில் போய்விடும். வெந்துவிட்டால் எல்லை தாண்டலாம்! எந்த வண்டியில் எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கு ராச்சாப்பாடு சூப்தான்.

ப்ரூம். கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 10 மீட்டர் வரை வித்தியாசம். மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது! தண்ணீர் ரொம்ப வற்றும் நாட்களில் மட்டும் பாறையில் டைனோசர் காலடித் தடங்கள் தெரியும். வயது சுமார் 13 கோடி ஆண்டு!

அதே ஊரில் 1916-ல் திறந்த ஒரு சினிமா தியேட்டர் இன்றும் ஓடுகிறது. பெயர் சன் பிக்சர்ஸ்! (நம் ஊர் கம்பெனி இல்லை.) திறந்தவெளியில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி படம் பார்க்கலாம். இன்றும் இயங்குகிற திறந்தவெளித் தியேட்டர்களில் உலகத்திலேயே பழையது இதுதான்.

ப்ரூமிலிருந்து போர்ட் ஹெட்லண்ட் சுமார் 600 கிலோமீட்டர். வழியில் பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்! சாண்ட்ஃபயர், பார்டூ அவற்றில் இரண்டு.

அந்த வழியில்தான் 'எண்பது மைல் கடற்கரை'. எண்பது மைல் என்றால் 129 கிலோமீட்டர்தானே? அளந்து பார்த்தால் 220 கிலோமீட்டர்!

போர்ட் ஹெட்லண்டில் ரயில்வே கேட் மூடினால் இறங்கி டீயே போட்டுக் குடிக்கலாம். இரும்புத் தாது ரயில்கள் சாதாரணமாகவே 2 கிலோமீட்டரைத் தாண்டும். 2001 ஜூனில் ஒரு ரயில் விட்டார்கள் பாருங்கள். 682 பெட்டிகள், 8 இன்ஜின்கள், நீளம் 7.353 கிலோமீட்டர். டிரைவர் ஒரே ஒருவர்!

முயல்களைத் தடுக்க இதே மாநிலத்தில் 1,833 கிலோமீட்டர் வேலி போட்ட கதை தெரியுமா? தெற்குக் கடலில் ஆரம்பித்து வடமேற்குக் கடல்வரை. 1907-ல் முடித்தார்கள். முடிப்பதற்குள் முயல்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன!

ஷார்க் பே. இங்கே ஒரு கடற்கரையில் மணலே இல்லை. நகக்கண் அளவு வெள்ளைச் சிப்பிகள் மட்டும்தான். கோடிக்கணக்கில்! சில இடங்களில் 10 மீட்டர் ஆழத்துக்கு. அடியில் இறுகிப்போன சிப்பியைச் செங்கல் மாதிரி அறுத்து எடுத்துப் பக்கத்து ஊரில் தேவாலயமே கட்டியிருக்கிறார்கள்.

அதே வளைகுடாவில், கடலைவிட இரண்டு மடங்கு உப்பான தண்ணீரில், கறுப்புப் பாறைகள் மாதிரி சில கிடக்கின்றன. பாறை இல்லை. நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே இருக்கும் ஸ்ட்ரோமடோலைட்! இந்த வகையின் வரலாறு 350 கோடி ஆண்டு. நாம் இழுக்கிற ஆக்சிஜனைப் பூமியில் முதலில் நிரப்பியது இவற்றின் முன்னோர்கள்தான்.

இன்னும் தெற்கே, சாலையை ஒட்டியே ஓர் ஏரி. நிறம் ரோஸ்! ஃபோட்டோ வித்தை எதுவும் இல்லை. ஹட் லகூனின் உப்பு நீரில் வாழும் பாசி செய்கிற வேலை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு விவசாயி கோதுமைக் கோட்டா விஷயத்தில் அரசோடு சண்டை போட்டு, 1970-ல் தன் நிலத்தைத் தனி நாடாக அறிவித்தார். பரப்பு 75 சதுர கிலோமீட்டர். சொந்த ஸ்டாம்ப், சொந்தப் பணம். எந்த நாடும் ஏற்கவில்லை. ஆனாலும் 50 ஆண்டு, 2020 வரை, நடத்தினார்கள்!

எஸ்பரன்ஸ் பக்கம் லக்கி பே. வெள்ளை வெளேர் மணல். அதில் வெயில் காய்வது யார்? கங்காருக்கள்!

1979 ஜூலையில் இந்த எஸ்பரன்ஸ் தலையில்தான் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் துண்டு துண்டாக விழுந்தது. நம் ஊரில்கூட அன்றைக்கு ஜனங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடுங்கினார்களே, அதே ஸ்கைலாப்! எஸ்பரன்ஸ் நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 'பொது இடத்தில் குப்பை போட்டதற்கு' நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது! பணம் 30 ஆண்டு கழித்து 2009-ல்தான் வந்தது. கட்டியது நாசா இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்காரர் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார்!

அந்த ஊரின் 17 வயதுப் பையன் ஒருவன் தன் வீட்டில் விழுந்த கரிந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினான். 72 மணி நேரத்துக்குள் முதல் துண்டைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று அறிவித்திருந்தது. ஜெயித்தான்! 10,000 டாலர்!

இப்போது நல்லர்பார் சமவெளி. 2 லட்சம் சதுர கிலோமீட்டர். மரம் தேட வேண்டும்.

இங்கே ஒரு சாலை 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது. சென்னையில் ஸ்டியரிங்கை நேராக்கினால் விழுப்புரத்தை நெருங்கும்வரை திருப்பவே வேண்டாம் என்கிற கணக்கு! அதற்கு இரண்டு பக்கமும் உள்ள நிறுத்தங்களில்தான் பெட்ரோல். கேஜுனா விட்டால் பல்லடோனியா. நடுவில் 182 கிலோமீட்டர்!

சாலையிலேயே விமான ஓடுபாதைக் கோடுகள் வரைந்திருக்கும். பயப்படாதீர்கள். யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் பறக்கும் டாக்டர்கள் நேராக நெடுஞ்சாலையிலேயே இறங்குவார்கள்!

உலகத்திலேயே நீளமான கோல்ஃப் மைதானம் இங்கேதான். 18 குழிகள். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நடுவே 1,365 கிலோமீட்டர்! ஊருக்கு ஒரு குழி, பெட்ரோல் பங்க்குக்கு ஒரு குழி. ஆடிக்கொண்டே கண்டத்தைக் கடக்கலாம். 2009-லிருந்து நடக்கிறது.

யூக்ளா என்ற குட்டி ஊருக்குத் தனியாக ஒரு கடிகாரம். மேற்கு ஆஸ்திரேலியாவைவிட 45 நிமிடம் முன்னால். அரசு அறிவிக்கவில்லை, ஊரே வைத்துக்கொண்டது! கோடையில் ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அதிகாரபூர்வ நேரங்களே 5. இது ஆறாவது.

இத்தனை பெருமையும் பேசுகிற இந்த நல்லர்பார் சாலைக்கு முழுசாகத் தார் போட்டு முடித்தது 1976-ல்தான்!

அப்படியானால் 1925-ல் எப்படி இருந்திருக்கும்? அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்த்திலிருந்து நெவில் வெஸ்ட்வுட் என்ற இளம் மிஷனரி ஒரு குட்டி சிட்ரோயன் காரில் கிளம்பினார். பாதை பாதி இடத்தில் கிடையாது. டயருக்குள் டியூப் கிழிந்து நாசமாகிவிட்டது. மனுஷர் அசரவில்லை. புல்லைப் பறித்து டயருக்குள் திணித்தார். ஓட்டினார்! டிசம்பர் 30-ல் பெர்த்துக்கே வந்து சேர்ந்தார். காரில் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்த முதல் மனிதர்! அந்தக் கார் இன்று கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அவர் சுற்றிக்கொண்டிருந்தபோதே மேரியன் பெல் என்ற பெண்ணும் கிளம்பிவிட்டார். கூட வந்தது 11 வயது மகள். 1926-ல் சுற்றை முடித்தார்கள்!

அதற்கெல்லாம் முன்னாடியே ஆர்தர் ரிச்சர்ட்சன் சுற்றிவிட்டார். 1899 ஜூனில் கிளம்பி 1900 பிப்ரவரியில் திரும்பினார். வண்டி? சைக்கிள்!

மறுபடி சாலைக்கு வருவோம். நல்லர்பாரின் தென் விளிம்பில் நிலம் சட்டென்று முடிந்து செங்குத்துப் பாறையாகக் கடலில் இறங்குகிறது. ஜூன் முதல் அக்டோபர்வரை கீழே திமிங்கலங்கள் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். டெலஸ்கோப் வேண்டாம், படகு வேண்டாம். மேலே நின்று குனிந்து பார்த்தால் போதும்!

ரோப் துறைமுகம். 1850-களில் 16,000-க்கும் மேற்பட்ட சீனர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். தங்கம் கிடைத்ததோ பக்கத்து விக்டோரியாவில். அங்கே நேராகப் போய் இறங்கினால் தலைக்கு 10 பவுண்ட் வரி. அதை மிச்சம் பிடிக்க இங்கே இறங்கி 400 கிலோமீட்டர் நடந்தே போனார்கள்!

கிரேட் ஓஷன் ரோடு உலகத்திலேயே பெரிய போர் நினைவுச் சின்னம். சிலை இல்லை, தூண் இல்லை. 240 கிலோமீட்டர் சாலையே நினைவுச் சின்னம்! முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய சுமார் 3,000 வீரர்கள், திரும்பாத தோழர்களுக்காகக் கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்து 1919 முதல் 1932 வரை வெட்டியது. இந்தப் பட்டியலில் எங்களை நிஜமாகவே உலுக்கியது இதுதான்.

அங்கே கடலுக்குள் நிற்கும் பாறைகளுக்குப் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்று பெயர். எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு ஒருநாளும் இருந்ததில்லை! இருந்ததிலும் ஒன்று 2005 ஜூலையில் சரிந்துவிட்டது.

கொஞ்சம் தள்ளி 'லண்டன் பிரிட்ஜ்' என்ற இயற்கைப் பாலம். 1990 ஜனவரியில் இரண்டு பேர் நடந்து அந்தப் பக்கம் போனார்கள். பின்னாலேயே பாலம் இடிந்து விழுந்தது! ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது.

ஈடன். இந்த ஊரில் ஓர் அருங்காட்சியகம், அதில் ஓர் எலும்புக்கூடு. பெயர் ஓல்டு டாம். ஓர்கா என்கிற வேட்டைத் திமிங்கல இனம். பெரிய திமிங்கலம் விரிகுடாவுக்குள் வந்தால் டாம் கரைக்கு நீந்தி வந்து வாலால் தண்ணீரை அடி அடியென்று அடித்து வேட்டைக்காரர்களைக் கூப்பிடுமாம்! மனிதர்கள் படகில் கிளம்புவார்கள். ஓர்காக் கூட்டம் வழி மறிக்கும், மனிதர்கள் ஈட்டி எறிவார்கள். வேட்டை முடிந்ததும் ஓர்காக்களுக்கு நாக்கும் உதடும், மனிதர்களுக்கு மிச்சம். எழுதாத ஒப்பந்தம்! அந்தக் கடலோரப் பூர்வகுடிகளுக்கும் ஓர்காக்களுக்கும் இருந்த உறவு அதைவிடப் பழையது. டாம் இறந்தது 1930 செப்டம்பரில். எலும்புக்கூட்டின் வாயைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு பக்கப் பற்கள் தேய்ந்திருக்கும். படகுக் கயிற்றைக் கவ்வி இழுத்த தேய்மானம் என்கிறார்கள்!

சிட்னி நெருங்குகிறது. ஹெலன்ஸ்பர்க். யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம்! வெங்கடேஸ்வரர் கோயில். கும்பாபிஷேகம் 1985. கேரவனை ஓரம் கட்டிவிட்டுத் தரிசனம் முடித்துக் கேன்டீனில் தோசை சாப்பிடலாம். 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்ன ஆஸ்திரேலியர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணி ஆகிவிட்டால் நரைமுடி நாடோடிகள் யாரும் வண்டி ஓட்ட மாட்டார்கள். இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும். எல்லாரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவருடைய கேரவன் முன்னால் கூடிவிடுவார்கள். எங்கே பெட்ரோல் விலை குறைவு, எந்த ஊரில் கழிவுத் தொட்டியை இலவசமாகக் காலி செய்யலாம், யாருக்கு முழங்கால் வலி... பெயர்கூடக் கேட்காமல் பேச்சு ஓடும். மறுநாள் காலையில் ஆளுக்கொரு திசை!

கடைசியாக உங்களுக்காகவே ஒன்று. அங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம், வண்டி இடப்பக்கம். சுற்றுலா விசாவில் போகிறவர்கள் ஆங்கிலத்தில் அச்சடித்த நம் ஊர் லைசென்ஸோடு ஓட்டலாம். இழுக்கிற கேரவன் பயமா? வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கிற மோட்டார் ஹோம் வாடகைக்குக் கிடைக்கும். 4.5 டன்வரை சாதாரணக் கார் லைசென்ஸே போதும்! முழுச் சுற்றுக்கு மாதங்கள் வேண்டும். கிரேட் ஓஷன் ரோடுக்கோ நான்கே நாள் போதும். துணையிடம் இன்றைக்கே பேச்சை ஆரம்பியுங்கள்!